குளியலறை டைல்ஸுக்கு எந்த கிரவுட்? மேஸ்திரி ஒன்று சொல்கிறார், கடைக்காரர் ஒன்று சொல்கிறார்

தேயிலைக்கொழுந்து (கோத்தகிரி)
ஜனவரி 6, இரவு 8.15

வணக்கம். எங்கள் வீடு கோத்தகிரிப் பக்கம், சரிவில் இருக்கிறது. அப்பா கட்டிய வீடு. குளியலறையில் முதலில் ரெட் ஆக்சைடு தரைதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதன் மேல் செராமிக் டைல்ஸ் ஒட்டினோம். ரெட் ஆக்சைடு இருந்தவரை ஜாயின்ட் என்ற சொல்லே வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது டைல்ஸ் பளபளவென்றுதான் இருக்கிறது, இடையில் ஓடும் கோடெல்லாம் கரிக்கோடு. தேய்த்துத் தேய்த்து என் தோள்பட்டை போனதுதான் மிச்சம். மூன்று இடத்தில் கோடு உதிர்ந்து குழியே விழுந்துவிட்டது.

எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுகிறோம். தரைக்கு ஓரடிக்கு ஓரடி டைல்ஸ், சுவருக்கு 300க்கு 450 மி.மீ. மேட்டுப்பாளையத்தில் வாங்கி வேனில் ஏற்றி வந்தாயிற்று. டைல்ஸுக்கு நடுவில் உள்ள சந்தை நிரப்பும் கிரவுட்டில்தான் குழப்பம். மேஸ்திரி "ஒயிட் சிமென்ட் போதும்மா, இத்தனை காலமும் அதுதானே" என்கிறார். கடைக்காரர் "எபாக்சி போடுங்க, ஆயுசுக்கும் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறார். விலையைக் கேட்டதும் எனக்கு அப்போதே ஆயுசு கொஞ்சம் குறைந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார் சாதாரண கிரவுட்தான் போட்டிருக்கிறாள், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவள் வீட்டில் காலையில் போட்ட துணி மதியம் காய்ந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு துண்டு காய இரண்டு நாள்.

எதைப் போடுவது? பொங்கலுக்கு முன்னால் முடித்துவிட ஆசை.


கூடலூர்_மழை
ஜனவரி 6, இரவு 8.31

இரண்டு நாளில் துண்டு காய்கிறதா? கொடுத்து வைத்தவர்கள். ஆடி மாதம் எங்கள் பக்கம் வந்து பாருங்கள்.

என் வீட்டுக் கேள்வியும் இதேதான், அதனால் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன்.


ரசமட்டம்
ஜனவரி 6, இரவு 9.50

டைல்ஸ் வேலை இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்று பக்கமும். உங்கள் மேஸ்திரியைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒயிட் சிமென்டில்தான் தொழில் கற்றேன். அந்தக் காலத்தில் ஜாயின்ட் என்று ஒன்றை விடவே மாட்டோம். டைல்ஸோடு டைல்ஸை முட்டவைத்து ஒட்டி, மேலே ஒயிட் சிமென்ட் பாலை ஊற்றி, துணியால் துடைத்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். பால் உள்ளே இறங்கவே இறங்காது. மேலே தோல் மாதிரி படியும். வருடம் திரும்புவதற்குள் அந்தத் தோல் உரியும். உங்கள் வீட்டில் குழி விழுந்தது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒயிட் சிமென்டில் பிடிப்பைக் கூட்டும் பாலிமர் எதுவும் கிடையாது. காயும்போது சுருங்கி விரிசல் விடும், தண்ணீரைக் குடிக்கும். கலரும் நிலைக்காது. அதை விட்டுவிடுங்கள் அக்கா.

கிரவுட் வாங்கப் போவதற்கு முன்னால் ஸ்பேசர், அதாவது இடைவெளிக்காக டைல்ஸுக்கு நடுவில் வைக்கும் துண்டு, எத்தனை மி.மீ. என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். சிமென்ட் கிரவுட்டில் இரண்டு ஜாதி. ஒன்று மாவு மாதிரி நைசாக இருக்கும், மணல் கலக்காதது. 3 மி.மீ.க்குக் குறைந்த இடைவெளிக்கு அது. இன்னொன்றில் மெல்லிய மணல் இருக்கும். 3 மி.மீ. தொடங்கி 12 மி.மீ. வரை அது. மணல் உள்ளதை 2 மி.மீ. சந்தில் திணித்தால் வாயிலேயே அடைத்துக்கொள்ளும், உள்ளே காலி. நைசானதை 5 மி.மீ.யில் போட்டால் காய்ந்ததும் நடுவில் கோடு கோடாக வெடிக்கும். மார்பிள், கண்ணாடி டைல்ஸ் என்றால் மணல் உள்ளது கிட்டேயே வரக் கூடாது, கீறிவிடும்.

இடைவெளியை எப்படி முடிவு செய்வது? பெட்டியைப் பிரித்துப் பத்து டைல்ஸை எடுத்து அளந்து பாருங்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்காது. பெரியதற்கும் சிறியதற்கும் எவ்வளவு வித்தியாசமோ, அதைப் போல மூன்று மடங்காவது இடைவெளி வேண்டும். 1 மி.மீ. வித்தியாசம் என்றால் 3 மி.மீ. ஸ்பேசர். ஓரம் அறுத்துச் சமப்படுத்திய டைல்ஸாக இருந்தால் 2 மி.மீ. போதும்.

சிலர் "இடைவெளியே தெரியக் கூடாது, பேப்பர் ஜாயின்ட் போடு" என்று கேட்பார்கள். நான் இப்போது அந்த வேலையை எடுப்பதில்லை.


குன்னூர்_சிவில்
ஜனவரி 7, காலை 6.40

மேலே ரசமட்டம் மேஸ்திரி சொன்னது சரி. நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், காலையில் எழுந்ததும் இதைப் பார்த்தேன். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நல்ல தயாரிப்பாக இருந்தால் சிஜி1, சிஜி2, ஆர்ஜி என்று ஏதாவது ஒன்று அச்சிட்டிருக்கும். சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 13007, ஐரோப்பாவின் ஈ.என். 13888 இரண்டிலும் இதே வகைப்பாடுதான். சிஜி என்றால் சிமென்ட், ஆர்ஜி என்றால் ரெசின் என்ற பிசின், அதாவது நாம் எபாக்சி என்று சொல்வது. மேம்பட்ட வகையான சிஜி2 பக்கத்தில் டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் தண்ணீர் குறைவாக உறிஞ்சும், ஏ இருந்தால் தேய்மானம் தாங்கும்.

சோதனை எப்படி என்றால், 40 மி.மீ. சதுரமும் 160 மி.மீ. நீளமும் உள்ள கட்டையாக கிரவுட்டை வார்த்து, காய்ந்ததும் தண்ணீரில் நிறுத்துவார்கள். 240 நிமிடம் கழித்து எடை போடுவார்கள். சிஜி1 பத்து கிராம் வரை குடிக்கலாம். டபிள்யூ உள்ளது ஐந்து கிராமுக்கு மேல் குடிக்கக் கூடாது. எபாக்சிக்கு அனுமதி 0.1 கிராம்தான். உங்கள் கரிக்கோட்டுக்கும் நாத்தனார் வீட்டுக் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கணக்கில் இருக்கிறது. அங்கேயும் கிரவுட் தண்ணீரைக் குடிக்கிறது, ஆனால் மதியத்துக்குள் உலர்ந்துவிடுகிறது. இங்கே குடித்தது குடித்தபடியே இருக்கிறது. அந்த ஈரத்தோடு சோப்பு அழுக்கும் உடம்பு எண்ணெயும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே நம் மலைக்கு எபாக்சிதான் என்பது என் கட்சி. தரை, சுவர் இரண்டுக்கும்.


எமரால்டு_வாசி
ஜனவரி 7, காலை 10.05

சார், நானும் உங்கள் கட்சியில்தான் இருந்தேன். போன வருடம் ஜனவரியில் கட்சி மாறினேன்.

கேளுங்கள். ஊட்டிக்கு அப்பால் எமரால்டில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறைக்கு எபாக்சி வாங்கினேன். ரெசின் ஒரு டப்பா, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் ஒரு டப்பா, கலர் பவுடர் ஒரு பாக்கெட். வேலைக்கு வந்த பையன் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தான். அன்றைக்கு வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. டப்பாவைத் திறந்தால் ரெசின் குளிரில் கெட்டிப்பட்ட தேங்காய் எண்ணெய் மாதிரி இருக்கிறது. இரண்டையும் எப்படியோ கலக்கிப் பவுடரைக் கொட்டினான். இழுக்க வரவில்லை. ரப்பர் கட்டையால் அழுத்தினால் கட்டைதான் வளைகிறது. இளக்கிவிடலாம் என்று ஒரு கை தண்ணீர் சேர்த்தான். அங்கேதான் எல்லாம் கெட்டது.

மறுநாளும் விரலை வைத்தால் ஒட்டுகிறது. மூன்றாம் நாள் மேலே மெழுகு தடவினதுபோல் வெள்ளைப் படலம். டைல்ஸ் முழுக்க மங்கல். அதைச் சுரண்டி எடுக்கக் கொடுத்த கூலி, போட்ட கூலியைவிட அதிகம். டப்பாவின் பக்கவாட்டில் 12 டிகிரிக்குக் கீழே பயன்படுத்தாதீர்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை அப்புறம் என் மகள்தான் படித்துச் சொன்னாள்.

பொங்கலுக்கு முன் எபாக்சி வேண்டாம் அக்கா. அவ்வளவுதான்.


குன்னூர்_சிவில்
ஜனவரி 7, மதியம் 1.20

எமரால்டு அவர்களுக்கு நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எபாக்சி காய்வதில்லை, வினை புரிந்து இறுகுகிறது. சூடு குறைந்தால் வினையும் மெதுவாகும். குளிரோடு ஈரமும் இருந்தால் ஹார்ட்னரில் உள்ள அமீன் என்ற ரசாயனம், ரெசினோடு சேராமல் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்துகொண்டு மேலே அந்த மெழுகுப் படலமாக நிற்கும். தண்ணீர் சேர்த்தது தனிப் பாவம்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 மீட்டர் சுமார். எங்கள் பக்கம் ஜனவரி மதியத்தில் பிரச்சினை இல்லாமல் போட்டிருக்கிறேன். எமரால்டு காலை எட்டு மணி வேறு கதை. என் "கட்சி"யைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: எபாக்சி, ஆனால் நாள் பார்த்து.

சிமென்ட் கிரவுட்டுக்கும் குளிர் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 5 டிகிரிக்குக் கீழே சிமென்ட் இறுகுவது ஏறக்குறைய நின்றுவிடும். போட்ட அன்று இரவே உறைபனி விழுந்தால் உள்ளே உள்ள தண்ணீர் உறைந்து, கிரவுட் பொடியாக உதிரும். மொட்டைமாடியிலும் வாசல் படியிலும் டைல்ஸ் போடுகிறவர்கள் கவனிக்கவும்.


மலைப்பூண்டு (கொடைக்கானல்)
ஜனவரி 7, இரவு 9.10

பழனி மலையிலிருந்து ஒரு குரல். ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே வைத்திருக்கிறோம், நான்கு குளியலறை, ஒரு சமையலறை. எல்லாத் தவறுகளையும் ஒவ்வொரு அறையில் செய்து பார்த்தவர்கள் நாங்கள்.

சுவருக்கும் எபாக்சி என்று சார் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விலை சிமென்ட் கிரவுட்டைப் போல் ஐந்தாறு மடங்கு, கூலியும் கூட. சுவரில் தண்ணீர் நிற்பதில்லை, வழிந்து ஓடிவிடுகிறது. ஷவர் அடிக்கும் மூலையில் மட்டும் இரண்டு சுவருக்கு எபாக்சி போட்டால் போதும். மற்ற சுவருக்கு நல்ல பாலிமர் சிமென்ட் கிரவுட் போட்டு, ஒரு மாதம் கழித்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் அடியுங்கள். எங்கள் இரண்டாம் எண் அறையில் அப்படித்தான், ஏழு வருடமாகிறது.

எபாக்சி கட்டாயம் வேண்டிய இடம் சமையலறைதான். அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர், மேடை, தரை. மஞ்சள் கறையை சிமென்ட் கிரவுட்டில் இருந்து எடுத்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் சமையலறையில் வெள்ளை சிமென்ட் கிரவுட் போட்டோம். முதல் வாரம் சாம்பார் கொட்டியது. அந்த இடத்துக்கு இன்றைக்கும் சாம்பார் முனை என்றுதான் பெயர்.

வெயில் படும் இடத்தில் வெளிர் நிற எபாக்சி மஞ்சளடிக்கும். கண்ணாடிக் கூரை போட்ட எங்கள் வராந்தாவில் பட்டுத் தெரிந்துகொண்டது.


தேயிலைக்கொழுந்து (கோத்தகிரி)
ஜனவரி 8, மாலை 6.25

எல்லோருக்கும் நன்றி. பொங்கல் கனவு போயிற்று, பரவாயில்லை.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். குளியலறையின் ஒரு சுவர் மண்ணை வெட்டி எழுப்பியது, அந்தப் பக்கம் மலைதான். அந்தச் சுவரில் மட்டும் கோடு கறுக்கவில்லை. வெள்ளையாகப் பூத்துப் பூத்து உதிர்கிறது, ஐப்பசி மழையில் அதிகம். அங்கே எபாக்சி போட்டு அடைத்துவிட்டால் நின்றுவிடுமா?


ரசமட்டம்
ஜனவரி 8, இரவு 8.00

நிற்காது. அது உப்பு பூப்பது. தண்ணீர் உங்கள் ஷவரிலிருந்து வரவில்லை, மலையிலிருந்து வருகிறது.


குன்னூர்_சிவில்
ஜனவரி 8, இரவு 8.45

நல்ல வேளை கேட்டீர்கள். இதைச் சொல்லாமல் டைல்ஸ் ஒட்டியிருந்தால் பணம் அத்தனையும் வீண்.

மழை மண்ணில் இறங்கி, சுவரின் முதுகில் வந்து நிற்கிறது. செங்கல்லும் பூச்சும் அதை உறிஞ்சுகின்றன. சிமென்டில் எப்போதும் கொஞ்சம் கரையும் சுண்ணாம்பு இருக்கும். தண்ணீர் அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு வெளியேற வழி தேடும். டைல்ஸின் பளபளப்பான முகம் வழி விடாது, ஜாயின்ட்தான் வழி. வெளியே வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பூவாக நிற்கும்.

இப்போது அந்த வழியை எபாக்சியால் அடைத்தால் என்னாகும்? தண்ணீர் டைல்ஸுக்குப் பின்னாலேயே தங்கும். மூன்று நான்கு மழைக்காலத்தில் பசையின் பிடி தளர்ந்து டைல்ஸ் விழும். தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும், பிறகு ஒருநாள் ராத்திரி விழும். வெளிப்பக்கம் சுவரை ஒட்டி வாய்க்கால் வெட்டி, கல் நிரப்பி, தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். சுவருக்கும் மலைக்கும் நடுவில் இரண்டடி இடம் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதைச் செய்த பிறகு ஒரு மழை பார்த்துவிட்டு உள் சுவரைத் தொடுங்கள். பொறுக்க முடியாது என்றால் அந்தச் சுவருக்கு மட்டும் சிமென்ட் கிரவுட், அதுவும் சீலர் இல்லாமல்.

பொதுவாகவும் ஒன்று. கிரவுட் என்பது தண்ணீரைத் தடுக்கும் வேலைக்கானது அல்ல, எபாக்சியும் சேர்த்துத்தான். தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் பூசும் வாட்டர்புரூஃபிங். அதைப் பூசி முடித்ததும் தரையில் தண்ணீர் வெளியேறும் நஹானி டிராப்பை அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மட்டம் இறங்கவில்லை என்றால் டைல்ஸ் போடலாம்.


கூடலூர்_மழை
ஜனவரி 9, காலை 7.30

நான் டைல்ஸைப் பெயர்க்கப் போவதில்லை, கையில் காசில்லை. பழைய கோட்டின் மேலேயே புது கிரவுட்டைத் தேய்த்துவிட்டால் ஆகாதா?


ரசமட்டம்
ஜனவரி 9, மதியம் 12.50

ஆகாது தம்பி. பவுடர் பூசினதுபோல் ஒரு மாதம் அழகாக இருக்கும். பழையதைக் கிளறி எடுக்க வேண்டும், ஜாயின்ட்டின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது. கையால் சுரண்டும் பிளேடு கடையில் கிடைக்கும், சின்ன இடத்துக்கு அது போதும். முழு அறை என்றால் அதிரும் மெஷின் வாடகைக்கு எடுங்கள். கட்டிங் மெஷினைக் கொண்டு வருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், கை ஒரு நூல் நழுவினால் டைல்ஸ் ஓரம் போச்சு. சுரண்டின தூளை வேக்குவம் வைத்து எடுத்து, இரண்டு நாள் காயவிட்டு... சரி, கூடலூரில் நான்கு நாள் காயவிட்டு, பிறகு போடுங்கள்.


லவ்டேல்_அத்தை
ஜனவரி 9, மாலை 4.10

ஆண்கள் எல்லோரும் போடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கழுவுவது யார்?

பாப்பா, கோட்டைத் தேய்க்க எதை ஊற்றினாய் என்று நீ சொல்லவே இல்லை. ஆசிட் ஊற்றியிருப்பாய் என்று நினைக்கிறேன். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை பொங்கும், அழுக்கு போகிறது என்று நமக்கு சந்தோஷம். பொங்குவது அழுக்கு இல்லை, சிமென்ட். ஒவ்வொரு தடவையும் கோடு கொஞ்சம் கரைந்து சொரசொரப்பாகும், சொரசொரப்பில் அழுக்கு இன்னும் நன்றாக ஏறும், அதற்கு மறுபடி ஆசிட். என் மாமியார் வீட்டில் பதினைந்து வருடம் இந்தக் கூத்து நடந்தது. குழாயின் குரோம் போனது தனி.

சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் விட்டு, பழைய பல்துலக்கியால் தேய். கறுப்புப் பூஞ்சைக்கு ப்ளீச்சைத் தண்ணீர் கலந்து தடவிப் பத்து நிமிடத்தில் கழுவு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு. ப்ளீச்சும் ஆசிட்டும் ஒரு நாளும் ஒன்றாகச் சேரக் கூடாது, குளோரின் வாயு வரும், மூச்சு முட்டும். சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் ஜன்னல். குளிர் என்று நாம் யாரும் திறப்பதில்லை. பாய்லரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் எடுத்துக் குளிக்கிறோம், ஆவி போய்ச் சில்லென்ற சுவரில் படிந்து தண்ணீராக வழிகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வைத்து, குளித்து முடித்த பிறகு இருபது நிமிடம் ஓடவிடு. கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் இது சட்டம். என் வீட்டில் ஒயிட் சிமென்ட்தான், இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.


மலைப்பூண்டு (கொடைக்கானல்)
ஜனவரி 9, இரவு 9.30

அத்தை சொல்வது உண்மை. ஆனால் விருந்தாளிகளை வைப்பர் இழுக்கச் சொல்ல முடியாதே. அங்கேதான் எபாக்சிக்குக் காசு கொடுக்கிறோம். எபாக்சியிலும் சோப்புப் படலத்தின் மேல் பூஞ்சை வரும், ஆனால் துணியால் ஒரு துடைப்பில் போய்விடும், உள்ளே வேர் விட இடம் கிடையாது.


தேயிலைக்கொழுந்து (கோத்தகிரி)
ஜனவரி 10, இரவு 7.55

ஆசிட்தான் ஊற்றினேன் அத்தை. மாதம் ஒரு தடவை. மன்னித்துவிடுங்கள்.

முடிவு செய்துவிட்டோம்: தரைக்கும் ஷவர் மூலைக்கும் எபாக்சி, மற்ற சுவருக்கு பாலிமர் சிமென்ட், மலைப்பக்கச் சுவர் கடைசியில். வேலை மாசிக்குத் தள்ளிவைப்பு. எவ்வளவு வாங்க வேண்டும்? அறை எட்டுக்கு ஐந்து. சுவரில் ஏழடி உயரம்வரை டைல்ஸ். மறுபடி ஒரு கிலோவுக்காக மேட்டுப்பாளையம் இறங்க என்னால் ஆகாது. கலரும் சொல்லுங்கள்.


குன்னூர்_சிவில்
ஜனவரி 11, காலை 6.20

டைல்ஸின் நீளத்தையும் அகலத்தையும் மி.மீ.யில் கூட்டுங்கள். அதை நீள அகலப் பெருக்கத்தால் வகுங்கள். வந்ததை டைல்ஸின் கனத்தாலும் இடைவெளியாலும் பெருக்கி, கடைசியாக 1.6 ஆல் பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும்.

தரை (300க்கு 300): 600ஐ 90,000 ஆல் வகுத்து, கனம் 8, இடைவெளி 3 என்று பெருக்கினால் 0.16. அதை 1.6 ஆல் பெருக்கினால் 0.256 கிலோ. உங்கள் தரை 40 சதுர அடி, அதாவது 3.7 சதுர மீட்டர். ஆக 950 கிராம்.
சுவர்: கனம் 8, இடைவெளி 2 என்றால் சதுர மீட்டருக்கு 0.142 கிலோ. கதவு போக 165 சதுர அடி, 15.3 சதுர மீட்டர். ஏறக்குறைய 2.2 கிலோ.

வீணாவதற்குப் பத்துப் பதினைந்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷவர் மூலையில் எத்தனை சதுர அடி வருகிறதோ அதைச் சுவர்க் கணக்கில் கழித்து எபாக்சிக் கணக்கில் கூட்டுங்கள். எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் சுவருக்குச் சுவர் நிறம் மாறும்.


ரசமட்டம்
ஜனவரி 11, இரவு 9.15

கலர்: வெள்ளை அழுக்கைக் காட்டும், கறுப்பு உப்பையும் சோப்பையும் காட்டும். நடுத்தரச் சாம்பல் எடுங்கள். ஒரு உடைந்த டைல்ஸ் ஜோடியில் போட்டுக் காயவைத்துப் பாருங்கள், ஈரத்தில் தெரிகிற கலர் வேறு.

மாசியில் வேலை செய்யும்போது மேஸ்திரியிடம் இதைச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டி இரண்டு நாளாவது ஆகட்டும், கீழே நாட்டில் ஒரு நாள் என்பது நமக்கு இரண்டு. எபாக்சி டப்பாக்களை முந்தின நாளே வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் வைத்துவிட்டு, காலையில் மூடியோடு வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். பதினொரு மணிக்கு ஆரம்பித்து மூன்றுக்குள் முடிக்க வேண்டும். ரெசினும் ஹார்ட்னரும் முதலில் நன்றாகக் கலந்து ஒரே நிறமான பிறகுதான் பவுடர். பாதி டப்பா கலக்கலாம் என்று கண்ணளவில் ஊற்றக் கூடாது, தராசு வேண்டும். கலந்ததை வாளியிலேயே விட்டால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும், உடனே தரையில் கொட்டிப் பரப்ப வேண்டும். பரப்பியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் நைலான் ஸ்க்ரப்பை நனைத்து வட்டமாகத் தேய்த்து, ஸ்பாஞ்சால் எடுக்கணும். நாளைக்குத் துடைக்கலாம் என்றால் எமரால்டு அண்ணன் கதைதான்.

சிமென்ட் கிரவுட்டுக்கு அளந்து தண்ணீர். கலக்கிப் பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கலக்கணும். கெட்டியாகிவிட்டது என்று பிறகு தண்ணீர் ஊற்றக் கூடாது, திட்டுத் திட்டாக வெளுக்கும். ஸ்பாஞ்சைப் பிழிந்து பிழிந்து, ஜாயின்ட்டுக்குக் குறுக்கே சாய்வாக இழுக்கணும். சொட்டச் சொட்ட இழுத்தால் கோட்டில் உள்ள சிமென்டெல்லாம் வாளிக்கு வந்துவிடும்.

சுவரும் தரையும் சேரும் மூலை, சுவரும் சுவரும் சேரும் மூலை, இந்த இரண்டிலும் கிரவுட் எதுவும் வேண்டாம். அங்கே கட்டடம் கொஞ்சம் அசையும், எது போட்டாலும் வெடிக்கும். டியூபில் வரும், ரப்பர் மாதிரி வளையும் சிலிகான் இழுக்கச் சொல்லுங்கள். தரையின் வாட்டம் டிராப் பக்கம் சரியாக ஓடுகிறதா என்று டைல்ஸ் ஒட்டும்போதே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள், பிறகு எந்த கிரவுட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.


எமரால்டு_வாசி
ஜனவரி 11, இரவு 9.40

மேஸ்திரி, போன வருடம் உங்களைத் தெரியாமல் போயிற்றே.


தேயிலைக்கொழுந்து (கோத்தகிரி)
நவம்பர் 23, மாலை 5.30

பத்து மாதம் கழித்து வருகிறேன். மழை ஓயட்டும், பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

தரை எபாக்சி அப்படியே இருக்கிறது. மார்ச் முதல் வாரம், மதியம், டப்பாவை வெந்நீரில் நிறுத்தி, மேஸ்திரி பக்கத்தில் நான் நின்றுகொண்டே இருந்து செய்தது. அவர் முதலில் முகம் சுளித்தார், இப்போது அடுத்த வேலைக்கும் வாளியில் நிறுத்துகிறாராம். சிமென்ட் போட்ட சுவரும் நன்றாக இருக்கிறது, சீலர் அடித்தோம், தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கிறது. மலைப்பக்கம் வாய்க்கால் வெட்டினோம். அதற்கு ஆன செலவில் இன்னொரு குளியலறை கட்டியிருக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். உப்பு குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. கீழ் வரிசை இரண்டு டைல்ஸின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பூக்கிறது.

ஆனால் மூலையில் இழுத்த சிலிகான் கறுத்துவிட்டது! கதவுக்குப் பின்னால், ஒரு சாண் நீளம். கிரவுட்டுக்கு இவ்வளவு பார்த்துவிட்டு, சிலிகான் டியூபை யாரும் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததை மேஸ்திரி இழுத்துவிட்டார்.


ரசமட்டம்
நவம்பர் 23, இரவு 8.20

அதில் பூஞ்சைக்கான மருந்து இருக்காது. நான்தான் அன்றைக்கு டியூப் எது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். குளியலறைக்கென்று சானிட்டரி சிலிகான் தனியாக வருகிறது, அதை வாங்குங்கள். கறுத்ததன் மேலேயே இழுக்காதீர்கள். பிளேடால் இரண்டு பக்கமும் அறுத்து, பட்டையாக உரித்து எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு புதிது. ஒரு நாள் அந்தப் பக்கம் தண்ணீர் படக் கூடாது.


லவ்டேல்_அத்தை
நவம்பர் 24, காலை 9.00

கதவுக்குப் பின்னால் என்றால் கதவு எப்போதும் திறந்து சுவரோடு சாய்ந்தே இருக்கிறது, அந்த மூலைக்குக் காற்று போவதில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தாயா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?


தேயிலைக்கொழுந்து (கோத்தகிரி)
நவம்பர் 24, காலை 9.12

ஃபேன் வாங்கி மூன்று மாதமாகிறது அத்தை. எலக்ட்ரீஷியன் இன்னும் வரவில்லை.